பத்து வாட்

மூடியைக் கழற்றும் முன்பே கருகிய வாசனை வந்தது. ஷாஜியா திருகுகளை எடுத்தாள். குரலை வெளியே அனுப்பும் கடைசி டிரான்சிஸ்டர் கரியாகக் கிடந்தது.

சென்னையில் மூடிப்போன டாக்சி கம்பெனி ஒன்றின் பழைய வயர்லெஸ் பெட்டி அது. எடைக்கு வாங்கி, கள்ளக்குறிச்சியில் தன் கடையிலேயே ஹாம் எனப்படும் தன்னார்வ வானொலிக்காரர்களின் அலைவரிசைக்கு மாற்றினாள். வெள்ளிமலைக்கு மேலே இப்படி இரண்டு பெட்டிகள். ஒன்று பள்ளத்திலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்கும். மற்றது அதை ஊருக்கெல்லாம் சொல்லும். டாக்சிக்காரன் அரை நிமிஷம் பேசி வைத்துவிடுவான். மலைமேல் வைப்பது மழை நாளில் மணிக்கணக்கில் பேச வேண்டும். அதனால்தான் நாற்பத்தைந்து வாட்டைப் பத்தாகக் குறைத்து, விசிறி வைத்து, ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிப் பார்த்து அனுப்பியிருந்தாள்.

பெட்டியைக் கம்ப்யூட்டரில் இணைத்தாள். திரையில் நாற்பத்தைந்து.

"யாரு சார் ஏத்துனது?"

ஹாம் சங்கச் செயலாளர் தமிழழகன் ஸ்டூலில் நெளிந்தார். "தொறப்பு விழா அன்னிக்கி எலவனாசூர்கோட்டைல இருந்து விருந்தினர் பேசுனாரு. கொறகொறன்னு கேக்குதுன்னாரு. மானம் போவுதேன்னு ஏத்தி வுட்டேன். எறக்க மறந்துட்டேம்மா."

"ஊருக்கு ஒரக்கக் கத்தவா அத்த மேல வெச்சோம்? பள்ளத்துல இருக்கறவன் பேசுனா கேக்கணும்னு வெச்சோம்."

போன செவ்வாய்க்கிழமை மலைப்பாதையில் மரம் விழுந்தது. பிரசவ வலியோடு வெள்ளிமலை வேடியப்பனின் தங்கை ஜீப்பில் இருந்தாள். அங்கே செல்போன் எடுக்காது. கூட வந்த வேடியப்பன் லைசென்ஸ் வாங்கிய ஹாம்; கையடக்க வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான். எந்த வளைவு என்று சொல்வதற்குள் மலைமேல் பெட்டி கருகி, பேச்சு அறுந்தது. ஆம்புலன்ஸ் வர நான்கு மணி நேரம் ஆனது. குழந்தை தங்கவில்லை.

"பெட்டி மேல இடி வுழுந்துச்சின்னு மலையில சொல்லிட்டேன்," என்றார் தமிழழகன். "ரிப்போர்ட்ல நீயும் அதையே எய்திடு. டெஸ்ட் பண்ணவ நீ."

ஷாஜியா மாற்றுப் பெட்டியை எடுத்தாள். நாற்பத்தைந்தில் வைத்து ஓடவிட்டாள். பத்து நிமிஷம் அவர் பேசியதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

"கை வைங்க சார்."

"எங்க?"

"பின்னால. இரும்பு மேல."

வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார். "இன்னாம்மா, மெரட்டுறியா?"

"பத்து நிமிஷத்துக்கே உங்களுக்குப் பொறுக்கல. அது அன்னிக்கிக் காலையில இருந்து ஓடிச்சி."

ரிப்போர்ட்டை இழுத்து எழுதினாள்: நாற்பத்தைந்து வாட். ஏற்றியவர் செயலாளர். கீழே கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்தது. அவர் அதைத் தொடாமலே எழுந்து போனார்.

பத்து வாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு பெட்டியோடு வெள்ளிமலை பஸ் ஏறினாள்.

மேலே தகரக் கொட்டகையில் வேடியப்பன் வயர்களை மாட்டினான். ஷாஜியா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப எத்தினி வாட்டு, அக்கா?"

"பத்து."

மைக்கை எடுத்துத் தன் அழைப்புக்குறியைச் சொன்னான். திருக்கோவிலூரிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். உளுந்தூர்பேட்டையிலிருந்து இருவர். பிறகு தமிழழகன்.

"வேடியப்பா, சூப்பர்ப்பா! கணீர்னு கேக்குது."

"சார், இடி எந்நேரம் வுழுந்துச்சி?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ பொத்தானை அழுத்தும் சத்தம் வந்தது. மூச்சு வந்தது. பேச்சு வரவில்லை.

"நல்லா கேக்குது சார்," என்றான் வேடியப்பன். "சொல்லுங்க."