படுத்துப் பார்க்கும் சீலிங்

மூன்று மணிக்கு அவர் வேலையிலிருந்து வீடு திரும்புவார். மூன்றரைக்கெல்லாம் மனைவி ஒரு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வாள். ஐந்தரைக்குத்தான் எடுப்பாள். தூங்குவதும் இல்லை, துண்டுக்கு உள்ளிருந்தே "டீ குடிச்சீங்களா?" என்று கேட்பாள். எட்டு நாளாக, ஒரே ஒரு நாள் தவிர, இதே கதை. ஏன் என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

மாடிப்படியில் விழுந்ததில் அவளுக்கு முதுகெலும்பில் விரிசல். வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் அவர் சும்மா இருக்கவில்லை. பஸ் கட்டும் பட்டறையில் அவர் பெயிண்டர். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'பளபளா'. நல்ல பெயிண்ட் என்றால் அதில் முகம் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் படுக்கையறையின் சீலிங், சுவர், கதவு எல்லாவற்றுக்கும் பஸ்ஸுக்கு அடிக்கிற மாதிரியே மினுமினுக்கும் வெள்ளை எனாமல் அடித்து, வாடை போகும்வரை ஜன்னலைத் திறந்து வைத்து, பிறகு அவளை அழைத்து வந்தார்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

பார்க்க வந்த அவள் தங்கைதான் கதவருகேயே நின்றுவிட்டாள்.

"என்ன மாமா, அக்காவ பஸ்ஸுக்குள்ள படுக்க வச்சிருக்கீங்க? டிக்கெட் எடுத்துட்டுதான் உள்ள வரணுமா?"

"உனக்கு ஃப்ரீ பாஸ். வந்து உக்காரு."

கிளம்பும்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா என் வீட்டுக்கு வரேன்னு சொல்லுது மாமா. ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வரேன்."

குண்டும் குழியுமான ரோட்டில் ஒன்றரை மணி நேரம். விரிசல் விட்ட முதுகு தாங்குமா? அவருக்கு அதைவிடப் பெரிய வலி, அவளே கேட்டிருக்கிறாள் என்பது.

"நான் ஏதாவது குறை வச்சேனா?" என்று துண்டைப் பார்த்துக் கேட்டார்.

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க. நீங்களும் எத்தனைதான் பாப்பீங்க? அங்க ஆளுங்க இருக்காங்க" என்றது துண்டு.

பட்டறையில் ஒரு பஸ்ஸில் பெயிண்ட் கொப்பளித்தால் அவர் யாரையும் திட்டமாட்டார். இது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று மட்டும் பார்ப்பார். இங்கும் அப்படியே யோசித்தார். தான் வந்ததும் முகத்தை மூடுகிறாள். அப்படியானால் தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ? ஆனால் போன ஞாயிறு காலையிலிருந்தே அவர் வீட்டில்தான் இருந்தார். மூன்றரை வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வியாழனன்று வானம் மூடிக் கிடந்தது. அன்று துண்டே இல்லை. அப்படியானால் காரணம் அவர் இல்லை, வெயில். ஆனால் மூன்றரை மணிக்கு அறையில் நின்று பார்த்தால் கண்ணைக் குத்துகிற மாதிரி எதுவும் இல்லையே!

நின்று பார்த்தால்தானே. சனிக்கிழமை மூன்றரைக்குக் கட்டிலை ஒட்டிப் பாயை விரித்து, அவள் தலை இருக்கும் பக்கமே தன் தலையை வைத்து மல்லாந்து படுத்தார். அடுத்த நொடி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஜன்னலுக்குக் கீழே பக்கத்து வீட்டின் தகரக் கொட்டகை. சாய்ந்த வெயில் அந்தத் தகரத்தில் பட்டு மேலே தெறித்து, ஜன்னல் வழியாகச் சீலிங்கில் ஏறியது. வழவழப்பான பரப்பு வந்த வெளிச்சத்தை அதே சாய்வில் மறுபக்கம் திருப்பிவிடும். திரும்பிய வெளிச்சம் நேராக இறங்கிய இடம் தலையணை. கதவருகே நிற்பவரின் கண் அதன் பாதையில் இல்லை.

"ஏம்மா, இத முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"கழுத்து ஒடிய அண்ணாந்து நின்னு அடிச்சிருக்கீங்க. எந்த வாயால சொல்றது?"

"திரைய இழுத்து விட்டுறவா?"

"ஐயோ வேணாம். எனக்கு இருக்கிற ஒரே வெளியூர் அந்த ஜன்னல்தான்."

அவர் உடனே பெயிண்ட் கடைக்கு ஓடி, மாதிரிக்கு அடித்து வைத்திருந்த மூன்று பலகைகளை வாங்கி வந்தார். நிறம் மூன்றிலும் ஒரே வெள்ளைதான், பளபளப்புதான் வேறு. பெயிண்டில் நிறம் தருவது பொடி. அதைப் பிடித்து வைப்பது பிசின். பிசின் கூடினால் பொடி அதற்குள் அமிழ்ந்து பரப்பு வழவழவென்று காயும். அது கிளாஸ். பொடி கூடினால் துகள்கள் மேலே துருத்தி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுபள்ளத்தில் மோதும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். அது மேட். இரண்டுக்கும் நடுவில் சாட்டின்.

ஸ்டூலில் ஏறி ஒவ்வொரு பலகையாகச் சீலிங்கில் வைத்துப் பிடித்தார். துண்டை விலக்கிவிட்டு அவள் பார்த்தாள்.

"இது டார்ச் அடிக்குது. அடுத்தது... இதுலயும் ஜன்னல் லேசா தெரியுது. அடுத்தது... அப்பாடா! இதுல ஒண்ணுமே இல்ல."

"ஒரு பெயிண்டர்கிட்ட சொல்ற பேச்சா இது?"

"ஒண்ணுமே இல்லாததுதாங்க வேணும்."

"அப்ப சுவத்துக்கும் இதையே அடிச்சுடறேன்."

"சுவத்துக்கு வேணாம். இன்னும் அஞ்சு வாரத்துல நான் எந்திரிச்சு நடக்க வேணாமா? சுவத்தப் பிடிச்சுதானே நடப்பேன்? தினமும் என் கை படும். தொடச்சா அழுக்கு போகணும், கண்ணும் கூசக்கூடாது. அந்த நடு பலகையில இருக்கிறத அடிங்க."

அவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். "இந்தச் சுவத்தையா பிடிச்சு நடப்ப?"

"பின்ன எந்தச் சுவத்த? அந்த போன எடுங்க. அவகிட்ட வேன் வேணாம்னு சொல்லணும்."

ஞாயிறு காலை பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை கொடுக்க, கட்டிலை அலுங்காமல் ஹாலுக்கு நகர்த்தினார்கள். வழவழப்பின் மேல் புது பெயிண்ட் பிடிக்காது; அதனால் சீலிங்கையும் சுவர்களையும் முதலில் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைச் செத்துப்போக வைத்தார். துடைத்துக் காயவிட்டு ஒரு கோட் பிரைமர். அதன் மேல், சீலிங்கில் மேட் இரண்டு கோட். கை படும் சுவர்களில் சாட்டின் இரண்டு கோட். கதவிலும் நிலையிலும் மட்டும் கிளாஸை அப்படியே விட்டுவிட்டார்; அங்கிருந்து வெளிச்சம் தலையணைக்குத் திரும்பாது, பளபளாவுக்கும் முகம் பார்க்க ஓர் இடம் வேண்டுமே.