தாடி வைத்த சம்மனசு

கல்லறைக் கல்லை வண்டியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. எள் அரைக்கும் ஆலையின் பழைய பிக்அப் பின்பக்கம் அமுங்கி முனகியது. ஓராஹா கல்லின் மேல் சாக்கைப் போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டினார். உள்ளே கூடத்தில் அவர் மனைவி ஷோனியின் சவப்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தான், சொன்னா கேளுங்க." ஷோனியின் தம்பி யல்தா கூடவே சுற்றினான். ஸ்வீடனிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தான். "சாமியார் வேணாம்னுட்டாரு. ஊரே சிரிக்கும். நான் மோசூல்ல வாங்கின பளிங்குச் சம்மனசு எவ்ளோ லட்சணமா இருக்கு, அத நடுவோம்."

வாசலில் நின்ற அந்தத் தேவதூதரை ஓராஹா ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஒரு பெண். பிறந்ததிலிருந்து ஒரு வாய் ரொட்டி தின்றிராத முகம்.

"இது யாரு வீட்டுப் பொண்ணுடா? நம்ம பக்கத்துல யாருக்குடா இந்த மூக்கு?"

சொன்ன பிறகுதான் அது ஷோனியின் பேச்சு என்று உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர் இவர்.

ஷோனி நகரத்து மியூசியத்தில் வேலை பார்த்தவள். பழங்கால ராஜாக்களின் நிம்ரூத் அரண்மனை வாசல்களில் நின்ற சிறகு வைத்த கல் மனிதர்கள்மேல் அவளுக்குத் தீராத பாசம். சுருள் தாடி, இடது கையில் சின்ன வாளி, வலது கையில் தண்ணீர் தெளிக்க ஒரு பைன் மரக் காய். வாசலைத் தாண்டிக் கெட்டது எதுவும் உள்ளே வராமல் காவல்.

"அந்த ராஜாக்க நம்ம ஊருக்குச் சிறைபிடிச்சுக் கொண்டுவந்த, வேதாகமத்துல வர்ற சனங்க இவங்களப் பாத்திருப்பாங்க," என்பாள். "ஊருக்குத் திரும்பி, சிறகு வச்ச ஆளுங்களப் பத்திக் கதை சொல்லியிருப்பாங்க. அது உலகமெல்லாம் சுத்துச்சு. போற வழியில தாடி போச்சு, வாளி போச்சு, கடைசியில பொண்ணா ஆயிருச்சு."

"கல்லுல செதுக்குறதுக்கு முன்னாடி அது யாரு?" என்பார் ஓராஹா.

"ஒரு மனுசன்தான். வாசல் வாசலாப் போயி தண்ணி தெளிச்ச பூசாரி. மரியாதைக்கு எவனோ ஒரு சிற்பி சிறகு வச்சிட்டான். நிச்சயமான்னு கேக்காதீங்க, எனக்கு அப்படித் தோணுது."

"தாடியும் வாளியுமா, எங்கப்பா பால் கறக்கப் போற மாதிரியில்ல இருக்கு!"

"அதத்தாங்க நானும் சொல்றேன்!"

கருப்புக்கொடித் தீவிரவாதிகள் வந்தபோது ஊரே தப்பி ஓடியது. திரும்பி வந்து கரிந்த வீட்டைப் பார்த்து அழாதவள், நிம்ரூத்தில் அவர்கள் உடைத்துப் போட்டிருந்த கல் சிறகுகளைப் பார்த்து அழுதாள். மறு மாதமே கல்தச்சரை அழைத்து இந்தக் கல்லில் அந்தச் சிறகு மனிதரைச் செதுக்கச் சொன்னாள். படுக்கையில் விழுந்த பிறகு, "என் தலைமாட்டுல அவர்தான் நிக்கணும்" என்றாள். ஓராஹா அன்று மட்டும் கேலி செய்யவில்லை. சரி என்றார். அந்தச் சரியைக் காப்பாற்றாவிட்டால் நாளை துக்கம் கேட்க வருபவர்களோடு உட்கார்ந்து எந்த முகத்தோடு கசப்புக் காப்பி குடிப்பது?

பங்குச் சாமியார் யூனானோ காலையிலேயே முடிவாகச் சொல்லிவிட்டார். "அது புறஜாதி ராஜாவோட அரண்மனைச் சிலை, ஓராஹா. நான் சிலுவைய வச்சிக்கிட்டு ஜெபிக்கிற இடத்துல அது நிக்கக் கூடாது."

கல்லறைத் தோட்டத்தில் காற்று அடித்தது. பெட்டி இறங்கியது, மண் விழுந்தது. கடைசியில் சாமியார் தீர்த்தம் தெளிக்க முன்னே வந்தார். நரைத்த தாடி நெஞ்சுவரை சுருண்டு கிடந்தது. இடது கையில் பித்தளை வாளி, வலது கையில் ஒலிவக் கொத்து. கொத்தைத் தோய்த்துக் கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்துக் காற்று அவர் அங்கியில் புகுந்து, இரண்டு பக்கமும் விரித்துத் தூக்கியது.

ஓராஹா கத்தினார்.

"சாமி! அப்படியே நில்லுங்க! அசையாதீங்க!"

வண்டிக்கு ஓடினார். கயிற்றை அறுத்துச் சாக்கை உருவினார்.

கூட்டம் கல்லைப் பார்த்தது. பிறகு சாமியாரைப் பார்த்தது. தாடி, வாளி, தூக்கிய கை. பக்கத்து வீட்டுப் பஸ்னாதான் முதலில் கத்தினாள்: "ஐயோ, இது நம்ம சாமியாரு!"

சாமியார் தன் கையிலிருந்த வாளியைக் குனிந்து பார்த்தார். கல்லின் வாளியையும் பார்த்தார். குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து இப்படித்தான் தெளித்துக்கொண்டிருக்கிறார். தனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், அவருக்கு யார் என்று எண்ணிக்கொண்டே போனாரோ என்னவோ, வண்டியருகே வந்து கல்லின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மூக்கு மட்டும் எனக்கு இவ்ளோ பெருசில்ல," என்றார் கடைசியில்.

ஓராஹா கல்லின் சிறகில் கை வைத்தார். என் பெண்டாட்டி சொன்னாள், இத்தனை வருசமாய்ச் சொன்னாள். இவரைத்தான் அந்தக் கருப்புக்கொடிக்காரர்கள் சுத்தியலால் அடித்து நொறுக்கினார்கள். இதோ, வாளியும் கையுமாக நிற்கிறார், நம் ஊர்க்காரர்.

யாரும் கூப்பிடாமலே யல்தா வந்து கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். தலைமாட்டில் நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கினார்கள். பஸ்னா குலவையிட்டாள், மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சாமியார் கொத்தை மறுபடி தோய்த்தார்.

தண்ணீர் கல் தாடியின் சுருள்களில் இறங்கி, கல் வாளியின் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்று, ஷோனியின் மண்ணில் சொட்டியது.