பட்டாணிக்கு ஸ்கேன்

பதினொன்று பத்துக்கு டாக்டர் அனுசியா பூனையின் வயிற்றில் முடியை மழிக்கத் தொடங்கினார். தங்கப்பாண்டியன் அதன் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்கத் தேவையே இல்லை. பூனை போட்டது போட்டபடி கிடந்தது.

ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் மெல்லிய டியூப் விட்டுச் சிறுநீர் அடைப்பை டாக்டர் எடுத்திருந்தார். பையில் இறங்கிய சிறுநீர் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. இரத்தச் சோதனையில், இரண்டைத் தாண்டக் கூடாத கிரியேட்டினின் பதினான்கு.

"அடைப்பு போயிருச்சு சார். கிட்னி திரும்புமான்னுதான் இனிப் பாக்கணும்."

தங்கப்பாண்டியன் ஓய்வுபெற்ற ஏட்டு. ராஜபாளையத்தில் மூன்று நாய்கள் வளர்க்கிறார். தெருவில் யார் வீட்டு நாய் சுருண்டு படுத்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பட்டாணி அவர் மனைவி வெங்கடேஸ்வரியின் பூனை. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று சனிக்கிழமை அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிப் போனாள். அன்றைக்கே அது மணல் தட்டில் குந்திக் குந்தி முக்கியது. ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று அவர் முடிவு கட்டினார். நாய்க்குக் கொடுப்பதுபோல ஒரு சங்கு விளக்கெண்ணெய் புகட்டினார். ஞாயிற்றுக்கிழமையும் புகட்டினார். செவ்வாய்க்கிழமை காலையில் அது தலையைத் தூக்கவில்லை.

ராஜபாளையத்திலும் டாக்டர்கள் உண்டு. அங்கே போனால் வாசலிலேயே நாலு தெரிந்த முகம் நிற்கும். கூடையைப் பைக்கில் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். இங்கும் தப்ப முடியவில்லை. அவர் தெருக்காரன் பொன்னுராஜ் நாயோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன ஏட்டையா, கூடைக்குள்ள பூனை கெடக்கு? நாய்க எல்லாம் ரிட்டையர் ஆயிட்டா?"

"ஏலே, ஒஞ்சோலியப் பாரு."

அந்தச் சூட்டோடுதான் உள்ளே போனார். எப்போதிருந்து சிறுநீர் போகவில்லை என்று டாக்டர் கேட்டார். "நேத்து சாயங்காலத்துல இருந்து" என்றார். காலையில் வெங்கடேஸ்வரியிடம் போனில் சொன்னதும் அதுதான். அவள் அக்கா வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்து, இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

டாக்டர் மழித்த இடத்தில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். மறுபடி இடது பக்கத்துக்கு வந்தார். படத்தை நிறுத்தி அளந்தார்.

"நடுவுல கறுப்பா தெரியுதுல்ல, அது கிட்னிக்குள்ள சிறுநீர் சேர்ற இடம். ரெண்டு பக்கமும் ரொம்ப விரிஞ்சிருக்கு. கிட்னியைச் சுத்தியும் நீர் கோத்திருக்கு."

"அதுக்கென்ன டாக்டர்?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"ஒரு நாள் அடைப்புக்கு இவ்வளவு விரியாதும்மா. நேத்து வரைக்கும் ஒழுங்கா போயிருந்தா, இது உள்ளுக்குள்ள ரொம்ப நாளா இருந்த கோளாறு. அது தேறாது. ஆனா கிட்னி அளவு சரியா இருக்கு, ஓரமும் ஒழுங்கா இருக்கு. அதான் குழப்புது." அவர் தங்கப்பாண்டியனைப் பார்த்தார். "ரெண்டு மூணு நாளாவே அடைச்சுக் கெடந்துச்சுன்னா வேற கதை. அது புது வீக்கம். வத்த வாய்ப்பிருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

தங்கப்பாண்டியன் திரையைப் பார்த்தார்.

"யோசிக்க என்ன இருக்கு டாக்டர்?" என்று அவளே பதில் சொன்னாள். "தெனமும் ரெண்டு தடவ போன் போட்டுக் கேட்டேன். நல்லா போகுதுன்னுதான் சொன்னாவ. வாயில்லாச் சீவன் விசயத்துல அவிய பொய் சொல்ல மாட்டாவ."

"அப்படின்னா, இன்னும் வச்சுச் சிரமப்படுத்துறதுல அர்த்தம் இல்லம்மா. ஒரு ஊசிதான். தூங்குற மாதிரி போயிரும்."

வெங்கடேஸ்வரி பூனையின் காதைத் தடவினாள். அது கண்ணைத் திறக்கவில்லை.

"வலிக்காதுல்லா?"

"வலிக்காது."

"அப்பப் போட்டுருங்க."

டாக்டர் அலமாரியைத் திறந்தார். மருந்துப் புட்டியை எடுத்து ஊசிக்குள் இழுத்தார். வெளியே பொன்னுராஜ் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. தங்கப்பாண்டியனின் விரல்கள் இன்னும் அந்த முன்னங்கால்களைப் பிடித்திருந்தன. பாதங்கள் சில்லிட்டிருந்தன. டாக்டர் பின்னங்கால் நரம்பில் ஏற்றியிருந்த ஊசிக் குழாயின் பிளாஸ்திரியைப் பிரித்து, மூடியைத் திருகினார்.

"டாக்டரம்மா, செத்த பொறுங்க."

ஊசி நின்றது.

"சனிக்கிழமையே முக்குச்சு. நான்தான் வயிறு கட்டிக்கிட்டுன்னு நெனச்சு வெளக்கெண்ண ஊத்துனேன். ரெண்டு நாளு. ஒரு சொட்டு மூத்திரம் போகல. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"சனிக்கிழமைக்கு முன்னாடி? தண்ணி அதிகமா குடிச்சுச்சா? மெலிஞ்சுச்சா?"

"இல்ல. வெள்ளிக்கிழம கருவாட்டுச் சட்டிய உருட்டி அடி வாங்குச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன சார்?"

டாக்டர் மறுபடி ஸ்கேன் கருவியை வைத்தார். இந்த முறை அதிக நேரம் பார்த்தார்.

"டிரிப் ஏத்துறேன். இங்கயே இருக்கட்டும். வியாழக்கிழமை திரும்ப ஸ்கேன். இந்த விரிவு சுருங்கி, சுத்தியிருக்கிற நீரும் வத்தியிருந்தா கிட்னி திரும்புதுன்னு அர்த்தம். அப்படியே இருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டுக்கும் தயாரா இருங்க."

அவர் ஊசியை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார்.

பூனையின் வயிறு ஏறி இறங்கியது. சிறுநீர் டியூபிலிருந்து ஒரு துளி பைக்குள் விழுந்தது. தங்கப்பாண்டியன் அடுத்த துளிக்காகக் காத்திருந்தார். வெங்கடேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. மழித்த வயிற்றில் ஒட்டியிருந்த ஜெல்லை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"ஏங்க, நேத்து போன்ல பட்டாணி எங்கன்னு கேட்டேன். என் மடியில ஒறங்குதுன்னு சொன்னிய. அப்ப அது எங்க கெடந்துச்சு?"