கோட்டுக்குள் அக்கா வீடு

சண்டை முடிந்தது. பெரிய மனிதர்கள் கூடிச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மேசையில் விரித்த வரைபடத்தில் புது எல்லைக்கென்று சிவப்புப் பென்சிலால் ஒரு கோடும் இழுத்தார்கள். வடக்கே மெல்லிசாகத் தொடங்கிய கோடு தெற்கே வரவரத் தடித்துவிட்டது. பென்சிலைச் சீவ வேண்டும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மொக்கைக் கோட்டின் அகலம் தரையில் கால் கிலோமீட்டர். அதற்குள் இரண்டு தெருக்களும் ஒரு பள்ளிக்கூடமும் வரைபடக்காரரின் அக்கா வீடும் மாட்டிக்கொண்டன.

கோட்டின் நட்டநடுவைக் கண்டுபிடித்துப் பெரிய தாளில் வரைவதுதான் நில அளவை அலுவலகத்தில் அவருடைய வேலை. பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நடுக்கோடு அக்காவின் கூடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ஞாயிறு தவறாமல் சைக்கிளில் போய், அக்கா கையால் சாப்பிட்டு, கை காய்வதற்குள் கிளம்பிவிடுகிற ஆள் அவர். இனிமேல் அதற்கு விசா வாங்க வரிசையில் நிற்க வேண்டுமா?

ஒப்பந்தத்தில் இதற்கும் ஒரு விதி இருந்தது. கோடு ஒரு வீட்டின் மேல் விழுந்தால், வீட்டார் புழங்கும் வாசல் எந்தப் பக்கமோ அந்த நாட்டுக்கே வீடு. அக்கா வீட்டு முன்வாசல் கிழக்கே பெரிய தெருவைப் பார்த்திருந்தது. பெரிய தெருவோ எல்லைக்கு அப்பாலிருந்த அந்த நாட்டுக்குப் போய்விட்டது.

உடனே அக்காவுக்குப் போன் போட்டார். அதிகாரிகள் பார்வையிட வருவதற்குள் பெயர்ப்பலகையையும் தபால் பெட்டியையும் கழற்றிப் பின்பக்கம் மாட்டச் சொல்லிக் கெஞ்சினார். அக்கா மசியவில்லை.

"நாடகமெல்லாம் என்னால ஆட முடியாதுடா. வரட்டும், வந்து பார்க்கட்டும்."

வரைபடக்காரர் தலைமை அளவையாளரிடம், அது தன் அக்கா வீடு என்பது உட்பட எதையும் மறைக்கவில்லை. டேப் பிடிக்க வேறு ஆள் கிடைக்காததால், வீட்டைப் பார்வையிடப் போகும்போது இவரையும் கூட்டிப்போக அளவையாளர் சம்மதித்தார். அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

வியாழக்கிழமை இரண்டு நாட்டு அதிகாரிகளும் வந்து இறங்கினார்கள். அந்த நாட்டு அதிகாரி பெயர்ப்பலகையைப் பார்த்தார், தபால் பெட்டியைப் பார்த்தார், திருப்தியாகக் குறித்துக்கொண்டு மணியை அழுத்தினார்.

"அது திறக்காதுங்க, பின்பக்கமா வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வரைபடக்காரருக்கே அது புதுச் செய்தி. மூன்று வருஷத்துக்கு முன் சண்டை தொடங்கியபோது தெருமுனையில் குண்டு விழுந்ததில் நிலை சாய்ந்து கதவு இறுகிப்போனதாம். அந்த நாட்டு அதிகாரி லேசில் நம்புகிறவர் இல்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். உதவியாளரையும் சேர்த்துக்கொண்டு தள்ளினார். கதவு அசையவில்லை, சுண்ணாம்புதான் அவர் தொப்பியில் உதிர்ந்தது. எல்லோரும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்தார்கள்.

"ஏம்மா, மூணு வருஷமா இதைச் சரி பண்ணாமலா இருந்தீங்க?" என்று அந்த நாட்டு அதிகாரி கேட்டார்.

அக்கா கையிலிருந்த கரண்டியால் டேப் பிடித்திருந்தவரைக் காட்டினார்.

"வீட்டுக்காரர் போனப்புறம் இங்க வர்றது என் தம்பி இவன் ஒருத்தன்தான். இவனும் பின்பக்கமா வந்து, அடுப்படியிலேயே தின்னுட்டு ஓடிடுவான். முன்கதவை யாருக்காகங்க சரி பண்றது?"

வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு அப்போது தம்பிக்கு வசதியாகவே இருந்தது. திறந்திருந்தால் அழுதிருப்பார். மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது கூடத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாரா அவர்?

புழங்கும் வாசல் மேற்கு என்று அந்த நாட்டு அதிகாரியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லைக்கோடு அக்கா வீட்டருகே மட்டும் தொப்பை போட்டு வளைந்தது. வரைபடக்காரர் அந்த வளைவை வரைந்து முடித்தார்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் பின்வாசல் வழியாகத்தான் போனார். ஆனால் அடுப்படியில் நிற்காமல் நேரே கூடத்துக்குப் போய், அத்தானின் நாற்காலியில் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அக்கா தட்டோடு வந்து பார்த்தார்.

"என்னடா, ஓடலையா இன்னைக்கு?"

"நீயும் தட்டை எடுத்துட்டு வாக்கா" என்றார் அவர்.

விளக்கு வைக்கும் நேரம் வரை அவர் எழுந்திருக்கவில்லை.