இரண்டு ஷூவுக்கும் ஒரே முடிச்சு

1

இந்தக் கதையை எனக்கு யார் சொன்னார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்காதீர்கள். நானே கற்பனை செய்தது என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். முதல் வரி இப்படி இருந்தது: ‘போர் ஓய்ந்து பல வருடங்களுக்குப் பிறகு, இருட்டில் ஒரு பெண்…’ அடித்துவிட்டேன். டிரெய்லருக்குக் குரல் கொடுக்கிறவர் எழுதியது மாதிரி இருந்தது.

2

அவளுக்குத் தொழில் டப்பிங். திரையில் முகம் யாருடையதோ, கதறல் அவளுடையது. போரின்போது தன் ஊரில் நடந்த படுகொலையைப் படமாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானே போய் வாய்ப்புக் கேட்டாள். செத்தவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். இயக்குநரிடம் அதைச் சொல்லவில்லை. (அனுதாபத்தில் வேலை கொடுத்தார்கள் என்று நாலு பேர் பேசுவதை அவளால் தாங்க முடியாது.)

3

கண்ணாடி அறை. ஒரே காட்சி திரும்பத் திரும்ப ஓடுகிறது. சிப்பாய் குனிந்து, ஒருவருடைய இரண்டு ஷூ நாடாக்களையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறான். “இப்ப ஓடு” என்கிறான். அந்த இடத்தில் அவள் கதற வேண்டும். வாயே திறக்கவில்லை.

“என்னக்கா, விட்டுட்டீங்க? இன்னொரு டேக் போலாமா?” என்றார் ஒலிப்பதிவாளர்.

அப்பாவின் உடலை முதலில் பார்த்தவள் அவள்தான். மற்றவர்கள் வருவதற்குள், அவர் ஷூக்களில் இருந்த இதே முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவரை வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று நினைத்தாள். இன்றுவரை யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அன்று அப்பாவோடு நின்றவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அப்படியானால் இது தெரிந்தவர்கள் அவளும், முடிச்சுப் போட்டவர்களும்தான்.

4

[இயக்குநரை இங்கே வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. அவளுக்கு அவரே டீ கொண்டுவந்து கொடுத்தார்.]

“சார், இந்த நாடா கட்டுறத உங்களுக்கு யாரு சொன்னா?”

“எழுதும்போது தானா வந்துச்சும்மா. ஏன், நம்புற மாதிரி இல்லையா?”

“நம்புற மாதிரிதான் இருக்கு. அதான் கேக்குறேன்.”

“டீ ஆறுது, குடிம்மா” என்றார் அவர்.

5

முடிவு ஒன்று: இயக்குநரின் அப்பா அன்றைய சிப்பாய்களில் ஒருவர். அவர் வீட்டை அவள் தேடிப் போகிறாள். கதவைத் திறக்கும் கிழவர் அவள் காலைப் பார்த்து… வேண்டாம், இது பழிவாங்கும் படம்.

முடிவு இரண்டு: எல்லாம் தற்செயல். அடுத்த டேக்கில் அவள் பிரமாதமாகக் கதறுகிறாள். இதை எழுதியபோது எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

மூன்றாவதை நான் திட்டமிடவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“டைரக்டர் முடிச்சு போட்டதத்தான் காட்டுனாரு. நான் அத பல்லால கடிச்சு அவுத்தது வரைக்கும் நீங்க எழுதியிருக்கீங்க. உங்களுக்கு யாரு சொன்னா?”

தானாக வந்தது என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? மைக் திறந்திருக்கிறது. காட்சி மறுபடி ஓடுகிறது, சிப்பாய் குனிகிறான். பதில் வரும்வரை அவள் கதறப் போவதில்லை.