கெஸ்ட் என்றால் யார்

முப்பத்தெட்டாவது நோட்டைத் திருத்தும்போது தேவிப்பிரியா டீச்சருக்குக் கழுத்து வலியில் உயிர் போனது. மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்கொடுப்பதற்குள் தொண்டைத் தண்ணி வற்றிவிடுகிறது. 'கெஸ்ட்னா வூட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போறவங்க' என்று நேற்று நாலு தடவை கத்தி, அப்படி ஒருத்தரை எழுதி வரச் சொல்லியிருந்தாள். எல்லாரும் மாமா, சித்தி என்று எழுதியிருக்க, பூவிழி மட்டும் 'அப்பா' என்று எழுதியிருந்தாள்.

சுள்ளென்று கோபம் வந்தது. சிவப்பில் பெருக்கல் குறி போட்டுக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, அப்பா எப்படி கெஸ்ட் ஆவாரு?"

"அப்பாவுக்கு பெங்களூர்ல கட்டட வேலைங்க டீச்சர். மாசத்துக்கு ஒருக்கா வருவாருங்க. அம்மா கோழி அடிச்சுக் கொழம்பு வைப்பாங்க. மறுநாளே பஸ் ஏறிடுவாருங்க."

டீச்சர் பேனாவை மூடினாள். சொல்லிக்கொடுத்தபடியேதான் பிள்ளை எழுதியிருந்தது.