ஊமை ஊர்வலம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை என்பது ஜமால் முகமதுவின் தீர்மானம். சோற்றைக்கூட முதலில் போனுக்குக் காட்டிவிட்டுத்தான் தின்கிறார்கள். நன்னா நன்னா என்று அவரைச் சுற்றிவந்த பேத்தி ஹம்னாவுக்கு நிக்காஹ் முடிந்து, கார் ஏற வேண்டிய நேரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் கண்மாய்க்கரை வெயிலில் நின்றார்கள். போட்டோக்காரன் வசந்தகுமார் சிரிக்கச் சொன்னால் சிரித்தார்கள், நடக்கச் சொன்னால் நடந்தார்கள்.

கண்மாய் நடுவே ஒரு திட்டு. திட்டு நிறையக் கருவமரம், மரம் நிறையக் கூடு. தை மாதம், நத்தைகுத்தி நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. வெடி வெடித்தால் அபராதம் என்று கரையில் சர்க்கார் போர்டு இருக்கிறது. அதை நட்ட மறுநாளே எவனோ அதன்மேல் கட்சி நோட்டீஸ் ஒட்டினான். அந்தப் போர்டை நம்பி ஜமால் முகமது எதையும் செய்ததில்லை.

அவருக்கும் தை மாதத்தில்தான் கல்யாணம். ஹவ்வா உம்மாளை இதே கரைவழியாக அழைத்து வந்தபோது, கரை தொடங்குகிற இடத்திலேயே கொட்டு நின்றுவிட்டது. ஆண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். குஞ்சு பறக்கிறவரை அப்படித்தான் என்பது ஊர் வழக்கம், அதற்குப் போர்டு கிடையாது. "மவுத்து வீட்டுக்கு எழவு கேக்கப் போற மாதிரில்ல என்னைய ஊமையாக் கூட்டிட்டு வந்தீங்க" என்று ஹவ்வா உம்மாள் சாகிறவரை சொல்லிக்காட்டினாள். ஆனால் தை பிறந்துவிட்டால், பாத்திரத்தை நங்கென்று வைக்கிற மருமகளை முறைப்பவளும் அவள்தான்.

காலையிலேயே மாப்பிள்ளை உமைரைப் பிடித்துக்கொண்டார்.

"வெடி கிடின்னு சத்தம் கேட்டுச்சு, நான் சபைக்கே வரமாட்டேன்."

"ஒரு சத்தமும் வராது நன்னா. எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். உமைர் சொன்னபடியே நடந்தான். கூட்டாளிகள் வாங்கிவந்த வெடிக்கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டான். பரவாயில்லை, ஹம்னாவுக்கு வாய்த்தவன் பேச்சுக் காப்பாற்றுகிறவன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வசந்தகுமார் ஒரு பெட்டியைத் திறந்தான்.

"என்னப்பா அது, ஃபேனா?"

"ட்ரோன் பெரியவரே. வெடி மாதிரி இல்ல, பயப்படாதீங்க."

அது வண்டுபோல இரைந்துகொண்டு எழுந்து, திட்டுக்கு நேர் மேலே போய் நின்றது. முதலில் ஒரே ஒரு நாரை கழுத்தை நீட்டியது. அடுத்து மொத்தத் திட்டும் எழுந்தது. வானம் முழுக்கச் சிறகடிப்பு. இத்தனை பறவைகள் ஒருசேர எழுந்து அவர் பார்த்ததேயில்லை. எழுப்பாமல் இருப்பதற்காகத்தானே அத்தனை காலம் செருப்பைக் கையில் தூக்கியது.

"எறக்குடா! குஞ்சு வெயில்ல கெடக்கு, காக்கா வந்துரும்!"

"ஒரு நிமிசம் பெரியவரே, இதான் ஷாட்டே!"

"எறக்குங்கண்ணே, போதும்" என்று உமைர் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்த பிறகுதான் இறங்கியது. நாரைகள் சுற்றிச்சுற்றி வந்து ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. திட்டிலிருந்து ஒரு காக்கை எதையோ கவ்விக்கொண்டு தாழப் பறந்து போனதை ஜமால் முகமது பார்த்தார். மற்றவர்கள் குனிந்து ட்ரோன் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நன்னா, இங்கிட்டு வந்து பாருங்களேன்" என்றாள் ஹம்னா.

பார்க்கக்கூடாது என்றுதான் போனார். பார்த்துவிட்டார். பிறந்ததிலிருந்து கரையில் நின்று பார்த்த திட்டு, கூட்டுக்குள் என்ன இருக்கிறதென்று ஒருநாளும் காட்டியதில்லை. இப்போது ஒவ்வொரு கூடும் ஒரு தட்டுபோல விரிந்து கிடந்தது. தட்டு நிறையச் சாம்பல் பஞ்சு. பஞ்சுக்குள்ளிருந்து எல்லா அலகும் மேலே பார்த்துத் திறந்திருந்தன.

"ஆத்தாக்காரி எரை கொண்டாந்துட்டான்னு நெனச்சிருச்சுக" என்றார்.

"எல்லாம் திரும்பி வந்துருச்சே நன்னா. ஒண்ணும் ஆகலை" என்றான் உமைர்.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

ஹம்னா அவர் முகத்தையே பார்த்தாள். "அழிச்சுரச் சொல்லவா நன்னா?"

"அழிச்சா? எந்திரிச்சது எந்திரிக்கலைன்னு ஆயிருமா?"

குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கரைமேல் நடந்தார். பின்னால் ஹம்னாவின் குதிகால் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் வந்தது. அப்புறம் கேட்கவில்லை. நின்றுவிட்டாளா, கழற்றிவிட்டாளா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.